வர்க்கமூலம்

சோஹார் துறைமுகத்துக்கு வடக்கே
கடலைக் குடிநீராக்கும் ஆலை.
இரவு ஒன்று இருபது.
உறிஞ்சுவாயில் சொறிமீன் திரண்டால்
முன்கூட்டியே அலறவேண்டிய நிரல்
இன்னும் பிறக்கவில்லை.

கம்பைலர் ஒரு குறையும் சொல்லவில்லை.
வர்க்கமூலம் என்றொரு சார்பு உண்டென்று
தலைப்புக் கோப்பில் ஒரு வரி இருந்தது,
நம்பிவிட்டது,
மஸ்கட்டில் கம்பெனி இருக்கிறது என்ற
ஏஜென்ட்டின் பேச்சை
என் அறைத்தோழி ஜெசிந்தா நம்பியதுபோல.
லிங்கர்தான் ஏர்போர்ட்டில் இறங்கி
முகவரி விசாரித்தது.
அப்படி ஒன்று இல்லை என்றது.

இருக்கிறது. எனக்குத் தெரியும்.
கணித நூலகம் இந்தப் பெட்டியிலேயே இருக்கிறது.
பெயரைக் கட்டளையில் எழுதியும் இருக்கிறேன்,
முதல் ஆளாக.
பாதையைப் பார்த்தேன். அனுமதியைப் பார்த்தேன்.
தேட இணையம் கிடையாது, ஆலையின் விதி.
தேநீரில் ஏடு படிந்தது.

பம்ப் அறையிலிருந்து பாபிகிர் வந்தார்,
காதில் இன்னும் பஞ்சு.
கார்ட்டூமில் லாரி ஓட்டியவர்.
திரையில் கிடந்த ஒற்றை வரியின்
வலது ஓரத்தில் விரலை வைத்தார்.
"இது யார்?"
நான் எழுதிய கோப்பு.
"என்ன வேண்டுமாம்?"
வர்க்கமூலம்.
விரல் இடப்பக்கம் நகர்ந்தது. "இது?"
அதைத் தருகிறவர்.
"பிறகென்ன, சரியாய்த்தானே இருக்கிறது?
கேட்பவர் முன்னால், கொடுப்பவர் பின்னால்."

அவர் அரபியாய் வாசித்தார்.
லிங்கர் வாசிப்பதோ என்னைப்போல், இடமிருந்து,
அதுவும் ஒரே ஒரு தரம்.
நூலகத்தின் வாசலை அது கடந்தபோது
எவரும் எதையும் கேட்டிருக்கவில்லை.
வெறுங்கையோடு போய்விட்டது.
கேட்பவர் வந்து நின்றபோது
திரும்பிப் பார்க்கும் வழக்கம் அதற்கில்லை.

வெட்டினேன். வரியின் வாலில் ஒட்டினேன்.
திரை ஒன்றும் சொல்லாமல்
அடுத்த வரிக்குப் போனது;
அதன் பாஷையில் அதுதான் பாராட்டு.
குழாயின் இரு பக்கமும் அழுத்த வித்தியாசம் ஒன்பது,
வர்க்கமூலம் மூன்று,
நீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் நிமிர்வதற்குள்
பாபிகிர் பம்ப்புகளிடம் போய்விட்டிருந்தார்.

ஜெசிந்தா வந்த முதல் வாரம்
பணம் ஏதும் வேண்டுமா என்றேன்.
வேண்டாம் அக்கா என்றாள்.
அத்தோடு முடிந்தது என் விசாரிப்பு.
ஐந்து மாதம் ஆகிறது.

தூங்கிவிட்டாயா என்று
போனில் ஒரு வரி அனுப்பினேன்.
மணி மூன்று.
இரண்டு டிக்கும்
உடனே நீலமாயின.