குழாயில் காற்று

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால்
புளியமரம் ஏறத்தான் வேண்டும்.
டன்டீயில் புளியமரம் கிடையாது.
எஃபி லோரிமர் ஏறியது ரயில்.

செவ்வாய் அபர்டீன், புதன் ஸ்டெர்லிங்,
வெள்ளி மறுபடி டன்டீ.
மூன்று பல்கலைக்கழகம், மூன்று அடையாள அட்டை.
ஒப்பந்தம் ஒன்பது மாதத்துக்கு.
கோடையில் அவள் எங்கும் இல்லாதவள்.

ஆய்வுப் பொருள், கோதிக் நாவல்களின் பாழ்மாளிகை:
பூட்டிய அறை, படிக்கட்டில் ஈரம்,
பெயர் சொல்ல ஆளற்ற வம்சம்.
பிறகு அதே மாளிகை
நவீனத்துவர் கையில் வாக்கியமாகிச் சிதறியது,
சுவர் போய், முற்றுப்புள்ளி போய்,
நடுவிலே நின்றுபோன ஒரு

என்று எழுதி அப்படியே விட்டிருந்தாள்.
பதிப்பகம் முடித்து அனுப்பியது.
மறுபடி அழித்தாள்.

எழுதிய வீடுகளுக்குக் கணக்கில்லை.
இருந்தது பெர்த் சாலையில்
வாடகைக்கு ஒன்றரை அறை.
பேய் வந்து தங்கவும்
சொந்தமாக ஒரு பரண் வேண்டுமே என்பாள்.

வருடத்துக்கு ஒரு மாணவராவது கேட்பார்:
நீங்கள் பேயை நம்புகிறீர்களா?
ஓய்வூதியத்தை நம்புகிறேன்,
அதையும் நேரில் பார்த்தவரில்லை.

நூலின் விலை எண்பத்தைந்து பவுண்டு.
விற்றது நூற்றுப் பதினொன்று.
வந்த கடிதம் ஒன்றே ஒன்று,
ஆர்க்னித் தீவிலிருந்து, மாக்னஸ் ஃபிளெட்,
குழாய் பழுதுபார்ப்பவர்.

"அம்மணி, நூலகத்தில் சொல்லி வரவழைத்துப் படித்தேன்.
சுவருக்குள் தட்டும் ஒலியை
அடக்கி வைத்த இறந்தகாலம் என்கிறீர்கள்.
அது குழாயில் மாட்டிய காற்று.
நாற்பது வருடமாகத் திறந்துவிடுகிறேன்.
ஆனால் மனைவி போன குளிர்காலத்தில்
ராத்திரி இரண்டு மணிக்கு அது தட்டியபோது
சாவியை எடுக்கக் கை வரவில்லை.
படுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.
நூற்று நாற்பதாம் பக்கத்தில் நீங்கள் சொல்வது
இதைத்தானா?"

உறைக்குள் சுண்டுவிரல் நீளத்தில்
ஒரு பித்தளைச் சாவி.

பதில் போடவில்லை.
திருத்த வேண்டிய விடைத்தாள், ரயில்,
ஏதோ ஒன்று.

இந்த மே மாதம் துறையை மூடினார்கள்.
ஊடகத் தொடர்பியலோடு இணைப்பு என்று பெயர்.
அலமாரி காலி. பதினேழு பெட்டி.
ஜன்னலடி வெப்பக்குழாய் தட்டியது.
சாவியை நுழைத்துத் திருகினாள்.
பெருமூச்சுபோல் ஒரு சீறல், இரும்பு வாடை,
கரிய நீர் தெறித்துப் பணிநீக்கக் கடிதம் நனைந்தது.

அதன் பின்பக்கத்தில், ஈரமில்லாத மூலையில் எழுதினாள்:
அன்புள்ள திரு. ஃபிளெட்,
ஆமாம், அதைத்தான்.
எழுதும்போது எனக்குத் தெரியாது.

சாவியைத் திருப்பி அனுப்பவில்லை.