அடி திறக்கும் கப்பல்

மற்றவர்கள் பகட்டான கப்பல்களைக் கட்டினார்கள்.
ஹில்கேயின் சாம்பல்நிறப் போர்க்கப்பலில்
பீரங்கிகள் திரும்பும், புகைகூட வரும்.
சிப்கே கட்டியது பயணிகள் கப்பல்:
நூற்றுப்பத்து சன்னல், நூற்றுப்பத்திலும் விளக்கு.
நான் கட்டியது
சேறு சுமக்கும் கப்பல்.

துறைமுகத்தின் அடிவண்டலை வாரிக்கொண்டு போய்க்
கடலில் கொட்டிவிட்டு வருமே, அது.
வாரத்தில் ஐந்து நாள்
ஹார்லிங்கனில் என் பாலத்தைத் தூக்கி
அதற்கு வழிவிடுகிறேன்.
நான்கு பொத்தான், ஒரு நெம்புகோல்,
கீழே காத்திருக்கும் கார்களின் வசவு.
பாய்மரம் போனால் பிள்ளைகள் கையசைப்பார்கள்.
இதற்கு யாரும் அசைப்பதில்லை.
எப்போது பிடித்துப்போனது என்று தெரியாது.

ஐம்பதில் ஒன்று அளவு.
கப்பல் கட்டுகிற எல்லோருக்கும் ஒரே கவலை,
ஓட்டை விழக்கூடாது.
நானோ ஆறு ஓட்டைகளை
அளந்து, கோடு போட்டு, நானே வெட்டினேன்.
ஆறுக்கும் கதவு.
திற என்றால் ஆறும் திறக்க வேண்டும்,
மூடு என்றால் ஒரு மணல்கூடக் கசியக்கூடாது.

மூன்று குளிர்காலம்.
குளியல் தொட்டிதான் சோதனைக்கடல்.
மகன் யெல்மர் துண்டோடு வந்து கதவைத் தட்டுவான்:
"அம்மா, கப்பல் வெளியே வருமா,
இல்லை நானும் அதோடு குளிக்கவா?"
வலப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம் ஈயக்குண்டு.
முகப்பு முங்கினால் பேட்டரியைப் பின்னே தள்ளு.
சமையலறைத் தராசில் மாவு ஏறி நாளாயிற்று.
விசிறித் தண்டின் குழாயில் கிரீஸை அடைத்தேன்,
மோட்டார் அறைக்கு ரப்பர் விளிம்பு ஒட்டினேன்,
பிரித்தேன், மறுபடி ஒட்டினேன்.
அப்படியும் ஒவ்வொரு இரவும்
உள்ளே எங்கோ ஒரு சொட்டு.
டிஷ்யூ தாளைத் திரித்து
மூலைமூலையாய் ஒற்றுவேன்,
தாள் எங்கே கருக்கிறதோ
அங்கே ஒளிந்திருக்கிறான் திருடன்.

ஒன்று புரிந்தது அந்தத் தொட்டியோரம்.
கப்பலைச் சுருக்கலாம்.
நங்கூரத்தை, ஏணியை, தீயணைப்பு வாளியைச் சுருக்கலாம்.
மாலுமி என் கட்டைவிரலில் பாதி.
தண்ணீர் மட்டும் சுருங்க மாட்டேன் என்கிறது.
முகப்பில் தெறிக்கிற சொட்டு ஒவ்வொன்றும்
அவன் தலையளவு.
வாத்து ஒன்று திரும்பி நீந்தினால்
அவனுக்கு அது புயல்.
அவனோ, நான் தூரிகையால் இழுத்த
ஒற்றைக்கோட்டு வாயோடு
நேரே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு,
கால்பந்து மைதானத்துக்குப் பின்னாலிருக்கும் குளம்.
நிறைய மணல் ஏற்றினேன். தளம்வரை அமிழ்ந்தது.
"முழுகுது," என்றார் ஹில்கே.
"சுமக்குது," என்றேன்.
நடுக்குளத்தில் நிறுத்தி
விசையைத் தட்டினேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு
கப்பல் மேலே வந்தது.

அவ்வளவுதான். சத்தமில்லை, புகையில்லை.
ஒரு விரற்கடை உயரம்,
வேலை முடிந்து வந்தவள்
காலணியைக் கழற்றுகையில் விடும் மூச்சு மாதிரி.
சுற்றிலும் தண்ணீர் பழுப்பாகி
மெல்லத் தெளிந்தது.
ஹில்கேயின் பீரங்கிகள்
பாதி திரும்பிய நிலையில் நின்றன.
"இன்னொரு தடவை," என்றான் சிப்கே.

முடியாது. நான்காம் கதவு மூடவில்லை.
வயிறு திறந்தபடியே,
விசிறியில் பாசி சுற்றிக்கொண்டு,
கொஞ்சம் கோணலாய்,
வாத்துகளுக்கு வழிவிட்டுக் கரைக்கு வந்தது.

வீட்டில் கவிழ்த்துப் பார்த்தேன்.
கீலில் ஒரு கல்.
இடுக்கியால் எடுத்து அளந்தேன்: ஆறு மில்லிமீட்டர்.
ஐம்பதால் பெருக்கினால் ஒரு பூசணிக்காய்.
பாசியை வெட்டி, தண்டுக்கு எண்ணெய் விட்டு,
மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்தேன்.
இரவெல்லாம் காயட்டும்.

திங்கட்கிழமை. பாலம் எழுந்தது.
அசல் கப்பல் வந்தது, சுமையோடு, தாழ்ந்து.
தளத்தில் ஒருவன் மண்டியிட்டு
கடப்பாரையால் எதையோ நெம்பிக்கொண்டிருந்தான்.
என்ன சொல்லித் திட்டுகிறான் என்பது
கண்ணாடிக்கு இந்தப் பக்கமே தெரிந்தது.
கீழே கார்கள் ஒலியெழுப்பின.
கப்பலின் வால் கடந்து வெகுநேரம் ஆன பிறகும்
பாலத்தை நான்
இறக்கவில்லை.