மெல்ல வாறன்

ஞாயிறு பாடசாலையில் அந்த இரட்டையர் கதையை
நாலு வருடம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.
கூழ் வரைக்கும் சொல்வேன்.
ஆட்டுத்தோல் வரும் இடத்தில்
மணியடித்துவிடும்,
அல்லது அடித்ததென்று நான் சொல்வேன்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது.
புளியந்தீவு வீட்டின் உறுதி மேசையில்.
நொத்தாரிசு பேனாவைத் திறக்க,
"எப்சிபாவா?" என்று
என் மணிக்கட்டைத் தடவினாள்.
அக்காவின் முறுக்குக்காப்பு என் கையில்.
"ஓம்" என்றேன்.
ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும்.
உறுதியில் என் பெயர்,
அதன் கீழே அம்மாவின் பெருவிரல்.

அக்காவுக்கு நாவலடி மணல் கிடைத்தது,
ஆறு தென்னையும்.
மார்கழி ஞாயிறொன்றில் கடல் வந்து
உறுதி எழுதாமலே அதை எடுத்துக்கொண்டது.
தென்னையொன்றைக் கட்டிக்கொண்டு அவள் தப்பினாள்.
திராய்மடுவில் இலக்கம் போட்ட வீடொன்று கொடுத்தார்களாம்.
ஆம், "களாம்".
நான் போய்ப் பார்க்கவில்லை.

இன்று கோட்டைமுனையில் ஒரு ஞானஸ்நானம்.
அவள் வருவாளென்று தெரியும்.
இரண்டு தயிர்ச்சட்டியோடு மருமகனை முன்னால் விட்டேன்.
கஜுப்பையோடு மகளை அவனுக்குப் பின்னால்.
பேரன் என் இடுப்பில்.
எல்லாருக்கும் பின்னால் நான்,
கழற்றத் தேவையில்லாத இடத்தில்
செருப்பைக் கழற்றிக்கொண்டு.

அவள் ஓடிவந்தாள்.
அந்த முழங்காலோடு ஓடிவந்தாள்.
தயிரைத் தாண்டி, கஜுவைத் தாண்டி
என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.
சட்டைத் தோளில் சித்தாலேப மணம்.
"இதெல்லாம் எனக்கென்னத்துக்கு கா,
எனக்குக் கிடக்கிறது காணும்."
வெறும் மணிக்கட்டை ஒருமுறை பார்த்தாள்.
காப்பு அடகில் மூழ்கி எத்தனையோ வருடம்.
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

"வா, வீட்ட போவம்.
கணவாய் ஆக்கி வெச்சிருக்கன்."

"நீங்க முன்னால போங்க அக்கா.
பொடியனுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது.
மறுகா மெல்ல வாறன்."

ஓட்டோவிலிருந்து கையைக் காட்டிக்கொண்டே போனாள்.
நான் பாலத்தைக் கடந்து
புளியந்தீவுக்கு நடந்தேன்.
பொடியன் உச்சி வெயிலில்
நீர்க்காகங்களை எண்ணிக்கொண்டு வந்தான்,
பன்னிரண்டு வரைக்கும்.

அந்தக் கதையிலும் தம்பி போகவில்லை.
மெல்ல வருகிறேன் என்றவன்
வேறு ஊரில் வீடு கட்டினான்.
அண்ணன் எவ்வளவு நேரம் வழி பார்த்தானென்று
ஒருவரும் எழுதவில்லை.
பிறகு இருவரும் ஒரே வரியில் வருவது
தகப்பனை அடக்கும்போதுதான்.

எங்களுக்கு அப்பாவும் முடிந்தது, அம்மாவும் முடிந்தது.
அடக்குவதற்கு மிச்சம்
நாங்கள் இருவர்.

போன் இரண்டு தரம் அடித்து ஓய்ந்தது.
கணவாய் இந்நேரம் ஆறியிருக்கும்.