ஜனவரியில் சூடேறிய வண்டி

இருபத்துநான்கு குதிரை என்கிறது கையேடு.
இரண்டு செத்திருக்கும், நான்கு நொண்டும்.
மீதியை ஓட்டிக்கொண்டுதான் லேஷெக்
மலைச்சாலை ஏறி
குடிநீர் நிலையத்துக்கு வேலைக்குப் போய்வந்தான்.

எங்கள் பியெல்ஸ்கோவிலேயே பிறந்த வண்டி, எண்பத்தேழாம் வருடம்.
ஊர் முழுக்க அதற்குக் குட்டி என்றுதான் பெயர்.
இஞ்சின் பின்னால். ரேடியேட்டர் கிடையாது.
கொதிக்கும் கஞ்சியை ஊதி ஊதிக் குடிப்பவனைப் போல
காற்றை இழுத்துத் தன்மேலேயே ஊதிக்கொள்ளும்.
ஊதிக் கழித்த சூடுதான்
குழாய் வழியே நம் முழங்காலுக்கு வரும்.

ஜனவரியில், வியாழக்கிழமைகளில், தாமதமாக வந்தான்.
"வண்டி சூடாகிவிட்டது, ஓரங்கட்டி நின்றேன்."
வெளியே மைனஸ் பன்னிரண்டு.
ஆற்றின் முதுகில் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.
சொல்கிறவன் சொன்னால்
கேட்கிறவளுக்குப் புத்தி வேண்டாமா?

கோட்டில் ஒரு கருகல் வாசனை வேறு,
யாரோ அவசரத்தில் இஸ்திரி போட்டுக் கொடுத்ததைப் போல.
போதாக்குறைக்கு
நான் பின்னிய பச்சைக் கையுறையில்
இடது மட்டும் வீடு திரும்பவில்லை.

நான் எதுவும் கேட்கவில்லை.
சூப்பை அவன் முன்னால் வைப்பேன்,
கரண்டியை வைக்க மாட்டேன்.
அவனே எழுந்து போய் எடுத்துக்கொள்வான்.
பிப்ரவரி, மார்ச்.

ஏப்ரலில் கொட்டகையைத் திறந்தேன்.
தகர வரிசையில் பதினேழாம் எண், கதவு பாதிதான் திறக்கும்.
வீட்டில் வண்டியை ஓட்டுவது அவன், பிரிப்பது நான்.
எட்டு வருடம் தொழிற்சாலையில்
வால்வு அளந்த கை இது.
பெல்ட்டைக் கழற்றினேன். விசிறிக் கூட்டின் போல்ட்டுகளில்
ஐந்து வந்தன. ஆறாவது,
அதன் அம்மாவைத் திட்டிய பிறகு வந்தது.

தகரத்தைத் தூக்கினால்
சிலிண்டரின் செதில்களுக்கு நடுவே
ஒரு கூடு.
எலி எப்போதோ காலி செய்துவிட்டுப் போன வீடு.
சீட்டுப் பஞ்சு, காய்ந்த புல், பார்க்கிங் ரசீது,
நடுவில் மெத்தையாக
பச்சைக் கம்பளி.
இஞ்சின் பக்கம் கறுத்துப் பொசுங்கியிருந்தது.

மூக்கருகே கொண்டுபோனேன்.
கோட்டின் அதே வாசனை.

காற்று போக வழியில்லாத இஞ்சின்
மைனஸ் பன்னிரண்டிலும் சூடாகத்தான் செய்யும்.
ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும்
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
வியாழன், குளோரின் டப்பாக்களை மேலே ஏற்றும் நாள். பாரம்.
அதைக்கூடச் சொல்லியிருந்தான்,
கரண்டியைத் தேடிக்கொண்டே.

மண்ணெண்ணெய் ஊற்றி, பல்துலக்கியால் செதில் செதிலாகத் தேய்த்தேன்.
அவனுடைய பல்துலக்கி. பழையதா என்று பார்க்கவில்லை.
பிறகு வால்வு. உள்வாங்கிக்கு இருபது,
வெளித்தள்ளிக்கு இருபத்தைந்து, மில்லிமீட்டரில் நூற்றுக்கூறு.
இஞ்சின் ஆறியிருந்தால்தான் அளக்கலாம்.
சூட்டில் அளந்தால் தகடு பொய் சொல்லும்.

ஸ்டார்ட்டர் கேபிள் போன வருடமே அறுந்தது.
துடைப்பக் கட்டையால் அதன் நாக்கை நெம்பினேன்.
இருமியது, புகைத்தது, நின்றது.
மறுபடி நெம்ப, பிடித்துக்கொண்டது.
மேல்மாடி கொர்னேலியா ஜன்னலை அறைந்து சாத்தினாள்.
அரை மணி ஓடவிட்டு எண்ணெய் மூடியில் கை வைத்தேன்.
வைத்த கையை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம்.
கம்பளியை மேசையில் பிரித்து விரல்களை எண்ணினேன்.
சுட்டு, நடு, மோதிரம், சுண்டு.
கட்டைவிரல் இல்லை.

டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது
அவனுடைய பூட்ஸ் வந்து நின்றது.
"என்ன கோளாறாம்?"
"எலி."
"இப்போது என்ன தேடுகிறாய்?"
"ஒரு வாஷர்."

அவனும் மண்டியிட்டான்.
குளிரில் சிவந்திருந்த இடது கையால்
எண்ணெய்த் தரையைத் தடவித் தடவி
எனக்காகத் தேட ஆரம்பித்தான்.