எட்டு வட்டங்கள்

நாலே கால் மணிக்கு
மீன்பாடி வண்டியில் வந்தாள் தேசம்மாள்.
கீழே ஐஸ், அதன் மேல் சாக்கு, சாக்கின் மேல் அவள்.
காசிமேட்டு ஏலக்கூடத்துக்கு வெளியே
பின்னால் வந்த டிரெய்லர்
சுவரோடு சேர்த்து அழுத்திவிட்டதாம்.
வழியில் எத்தனை வேகத்தடை என்று
ஓட்டி வந்தவனை நான் கேட்கவில்லை.
கேட்டால் எண்ணத் தொடங்கிவிடுவான்.

"ஒண்ணுமில்ல டாக்டரு,
இடுப்பு புட்ச்சிக்கினுகீது.
ஒரு ஊசி போட்டு உடு.
ஏழு மணிக்கு வஞ்சிரத்தோட
தண்டையார்பேட்டைல நிக்கணும்."

சேலையில் ரத்தம் இல்லை,
செதில்தான்.
நாடி நூற்று இருபத்தெட்டு.
அழுத்தம் தொண்ணூறைத் தொட்டுவிட்டு இறங்குகிறது.
இடது கால் ஒரு விரற்கடை குட்டை,
பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து
யாரையோ வழிவிடச் சொல்வதுபோல.

பயிற்சி மருத்துவன் இம்மானுவேல்
அவள் இடுப்பின் இருபுறமும் கை வைத்தான்,
ஆட்டிப் பார்க்க.
மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன்.
உள்ளே ஏதோ ஒரு கட்டி
இப்போதுதான் உறைந்து
ஓட்டையில் உட்கார்ந்திருக்கும்.
அதை எழுப்பாதே.

நெஞ்சில் ரத்தம் இல்லை.
வயிற்றில் ஸ்கேன் கருவியை உருட்டினோம், அங்கும் இல்லை.
தொடைகள் சரி. தரை உலர்ந்திருக்கிறது.
எங்கேதான் போனது?
இடுப்பெலும்புக்குப் பின்னால் ஓர் இருட்டறை உண்டு.
லிட்டர் லிட்டராய் வாங்கிக்கொள்ளும்,
ஒரு சொட்டுக்கும் ரசீது தராது.

படுக்கை விரிப்பை நீளவாக்கில் மடித்து,
இடுப்பில் அல்ல, அதற்கும் கீழே
தொடை தொடங்கும் புடைப்பில் இறுக்கினார் சிஸ்டர் மெஹருன்னிசா.
முழங்கால்களைச் சேர்த்து இன்னொரு கட்டு.
எல்லாவற்றுக்கும் சரியென்ற தேசம்மாள்
சுருக்குப்பையை மட்டும் தொடவிடவில்லை.
"எவ்வளவும்மா இருக்கு அதுல?"
"முந்நூத்தி நாப்பது. நோட்டு முந்நூறு,
மிச்சம் அஞ்சு ரூபா காசு. ஊட்டுச் சாவி ஒண்ணு."
நல்லது. மூளைக்கு இன்னும் போகிறது.

எக்ஸ்ரேயில் நோட்டு செல்லாது.
ஒரு சாவி, எட்டு வெள்ளை வட்டங்கள்
இடது பக்கம் பின்னால்,
இடுப்பெலும்பு முதுகோடு சேரும் மூட்டின் மேல்.
முன்னால் இரண்டு எலும்புகளும் விலகி
நடுவில் ஒரு வாசல்.
கட்டிய பிறகே இவ்வளவு.

"முன்பக்கம் மட்டும்தான் மேடம்" என்றான் இம்மானுவேல்.
ஒரு கைமுறுக்கை எடுத்து
ஒரே இடத்தில் உடைத்துக் காட்டு, என்றேன்.
அவன் படத்தைப் பார்த்தான்.
பிறகு காசுகளைப் பார்த்தான்.

"எவ்வளவும்மா இருக்கு?"
அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"நாப்பது," என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து, "நாப்பது வஞ்சிரம்."
அழுத்தம் எழுபது.
இந்த முறை பையைக் கேட்டதும் விரல்கள் விட்டுவிட்டன.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது படம்.
வட்டங்கள் இருந்த இடத்தில்
மேலிருந்து கீழ்வரை கறுப்பாய் ஒரு விரிசல்.

அதன்பின் எல்லாம் ஓட்டம்.
ரத்த வங்கிக்கு வண்டிக்காரன் வெறுங்காலோடு,
லிஃப்டுக்குக் கத்திக்கொண்டு வார்டு பாய்,
மாடியில் அறுவை அரங்கின் விளக்குகள்.
கதவு சாத்திக்கொண்டது.
உள்ளே என்ன நடக்கிறதென்று
கீழே இருப்பவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

ஆறு மணிக்கு உடைமைப் பதிவேடு எழுத வேண்டும்.
சாவி ஒன்று.
நூறு ரூபாய் நோட்டு மூன்று, ஈரம்.
ஐந்து ரூபாய்க் காசு,
எண்ணினேன், ஏழு.
திரும்ப எண்ணினேன், ஏழு.
முதல் படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன்.
எட்டு.

சிஸ்டரிடம் டார்ச் வாங்கிக்கொண்டு
எக்ஸ்ரே மேசைக்கு அடியில்
மண்டியிட்டேன்.