காளவாசலில் ஒரு ரீடிங்

மீட்டர், கழிவறைக்குப் போகும் வழியில்
ஒரு போஸ்டருக்குப் பின்னால் இருந்தது.
நகர்த்திக் கொடுத்த யுகேந்திரன்
கடைக்குப் பங்குதாரராம். காதில் வளையம்.
"டாரிஃப் கொஞ்சம் பார்த்துப் போடுங்க மேடம்,
இது கடையில்ல, ஒரு மாதிரி மியூசியம்."
மணிக்கு நானூறு வாங்குகிற மியூசியம்
கமர்ஷியல்தான் தம்பி என்றேன்.
எண்களைக் குறித்துக்கொண்டு திரும்பும்போதுதான்
அந்தப் பெட்டி.

இடது பக்கம் ஒரு குங்குமப் பொட்டு,
காய்ந்து வார்னிஷோடு சேர்ந்துபோனது.
ஆயுத பூஜைக்கு அப்பா வைத்தது.
"சொரண்டாம அப்படியே விட்டுட்டோம் மேடம்,
பழைய லுக்குக்கு."
கீழவாசல் குடோனில்
அப்பளக் கட்டுகளுக்கு அடியில் கிடைத்ததாம்.

டவுன்ஹால் ரோட்டில், லாட்ஜ் மாடிப்படிக்குக் கீழே
ஐந்து பெட்டிகள் வைத்திருந்தார் அப்பா.
ஒரு ரூபாய்க்கு மூன்று உயிர்.
ரயிலுக்கு நேரம் கிடக்கிறவர்கள்,
டுடோரியல் கட்டடித்தவர்கள்,
வாட்ச் கடை துளசிராம்;
ஒரே உயிரில் மத்தியானம் முழுக்க ஓட்டுவார் அவர்.
பெண்பிள்ளைகள் வரமாட்டார்கள்.
நான் கல்லாவில் சில்லறை எண்ணினேன்.
அது வருவதில் சேராது.

அழகர் ஆற்றில் இறங்கிய வருடம்
(எல்லா வருடமும் இறங்குவார்,
நான் சொல்வது எண்பத்தெட்டு)
ஊரே வைகையில் நிற்க
சாவி என்னிடம் இருந்தது.
ஷட்டரை முக்கால் இறக்கி
கலர் பெட்டியைக் கவிழ்த்து மேலே ஏறினேன்.
பதின்மூன்று வயது.
திருவிழா என்பதால் கரண்ட் போகவில்லை.
வருடத்தில் அந்த ஓர் இரவுதான்
எங்கள் வாரியம், அப்போது எங்களுடையதில்லை,
என்னைக் கைவிடாதிருந்தது.

வானத்திலிருந்து பூச்சிகள் வரிசையாய் இறங்கின.
கீழே ஒற்றை விமானம், நான்.
கடைசிப் பூச்சி எப்போதும்
இடப்பக்கமாகத்தான் ஒதுங்கும்.
கல்லாவில் உட்கார்ந்தே ஆறு மாதம்
பார்த்து வைத்திருந்தேன்.
தூரத்தில் வாணம் வெடித்தது.
கோவிந்தா என்று கேட்டது ஆற்றிலிருந்தா
லாட்ஜ் ரேடியோவா, தெரியாது.
விடியும்போது முதல் மூன்று இடமும் என்னுடையது.
ஒவ்வொரு தரமும் திரை பெயர் கேட்டது, மூன்றெழுத்தில்.
சௌந்தரபாண்டி மகள் என்று எழுத இடமில்லை.
இருந்தாலும், அப்பா பார்ப்பார்.
முதலில் காட்டிய எழுத்தையே
மூன்று தரம் அழுத்தினேன்:
ஏ ஏ ஏ.

துளசிராம் ஒரு மாதம் தேடினார்.
லாட்ஜில் தங்கிய மெட்ராஸ்காரன் என்று முடிவானது.
பள்ளி திறந்து, ஓரெழுத்துச் சொற்கள் நடத்தும்போது
ஏ என்றால் அம்பு என்றார் தமிழ் டீச்சர்.
சிரித்தேன்.
முட்டி போட வைத்தார்.

"இந்த மிஷின் ஸ்கோரை மறக்காது மேடம்,
கரண்ட் போனாலும் சிப்புல நிக்கும்.
ஆனா பாருங்க, யாரும் ஜெயிச்ச மாதிரியே இல்ல.
மூணும் கம்பெனி போட்ட பேரு."
கம்பெனி போட்டால்
ஐம்பதாயிரம், நாற்பதாயிரம் என்று முழுசாகப் போடும்.
இது 87,410.
யாரோ செத்துச் செத்து வாங்கியது.
சொல்லவில்லை.

சும்மா ஒரு டோக்கன் கொடுத்தான்.
டாரிஃபுக்காக இருக்கலாம்.
தோள்பையை இறக்காமலே நின்றேன்.
குச்சி இப்போது இடுப்புக்குத்தான் வருகிறது.
முதல் உயிர், கண்ணாடியை மாற்றுவதற்குள்.
இரண்டாவதில், கடைசிப் பூச்சி
இடப்பக்கம் ஒதுங்கும் என்று காத்திருந்தேன்.
ஒதுங்கியது. விரல்தான் வரவில்லை.
மூன்றாவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.
1,260.
"ஃபர்ஸ்ட் டைம்னா அப்படித்தான் மேடம்"
என்றான் யுகேந்திரன், ஆறுதலாக.

வெள்ளை அட்டையில் தேதி, ரீடிங், யூனிட்.
கையெழுத்துக் கட்டத்தில் வழக்கமாக ஒரு கிறுக்கல்.
இன்று பார்த்தேன், அதில்
மூன்றெழுத்துக்கு இடமிருக்கிறது.

டாரிஃப் கமர்ஷியல்தான்.
அடுத்தது மாவு மில்.
அங்கே மீட்டர் உயரத்தில்.
ஏறி நிற்க ஏதாவது கேட்க வேண்டும்.