மூன்றாவது ஸ்குரூ

ஜப்பானில் பனி கொட்டும் ஊரொன்றில் ஓடிய வான்.
குமிழின் ஒரு பக்கம் நீலம், மறு பக்கம் சிவப்பு.
சுன்னாகத்தில் ஹீற்றரைப் போட
ஆருக்கு விசர்?
பதினொரு வருசமாய் நான் சிவப்புப் பக்கம் திருப்பியதே இல்லை.

ஆனால் சூட்டுக்கும் குளிருக்கும்
ஊதுகிற மோட்டர் ஒன்றுதான்.
மூன்று நாளாய் அது
தொண்டையில் முள்ளுச் சிக்கினமாதிரிக் கரகரத்தது.
ஏஸியைத் தட்டினால் மூத்திர வெடில்.
நேற்று மாவிட்டபுரம் போன கலியாணச் சனம்
சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியது.
மாப்பிள்ளையின் தாய் கேட்டா:
"தம்பி, இதுக்குள்ள ஆரும் செத்துக் கிடக்கினமோ?"

இரவு பத்துக்குக் கட்டுநாயக்கா ஹயர்.
மல்லாந்து படுத்து
தலையை டாஷ்போட்டுக்குக் கீழே நுழைத்தேன்.
கால் இரண்டும் ஒழுங்கையில்.
போன நாய் ஒன்று என் செருப்பை மணந்து பார்த்தது.

முதலில் லாச்சி.
பக்கச் செவி இரண்டையும் உள்ளே அமத்த
நாக்குப் போல் தொங்கியது.
கார்த்திகை மழைக்குள்
அதற்குள்தான் வைத்தேன் ஐயாயிரம் ரூபாத் தாளொன்றை.
அதற்குள்தான் காணாமல் போனது.

இப்போது அதை நினைக்கத் தேவையில்லை.
இது மோட்டர் வேலை.

மூன்று ஸ்குரூ.
ஒன்று கண்ணுக்கு முன்னால்.
மற்றது வயருக்குப் பின்னால்.
மூன்றாவதைக் காணவே ஏலாது,
விரலால் தடவித் தடவி
தலை எங்கே என்று கேட்டுத்தான் போகவேணும்.
சாவி வழுக்கி விரல் முட்டி கிழிந்தது.
வியர்வை காதுக்குள் இறங்கியது.
கஜீபனின் கை சின்னது.
அவன் நின்றிருந்தால்
போனில் பாட்டுக் கேட்டபடியே கழற்றியிருப்பான்.

மோட்டர் நெஞ்சில் விழுந்தது
விசிறியும் குப்பையுமாய்.

தும்பு. வேப்பஞ் சுள்ளி.
சீற்றுக்குள் இருந்த மஞ்சள் ஸ்பொஞ்ச்
(எந்தச் சீற் என்று இன்னும் பிடிபடவில்லை).
ஆஸ்பத்திரித் துண்டொன்றின் ஓரம்,
ஆரோ பிள்ளையின் றிபன்.
நடுவில் உள்ளங்கை அளவு குழி.
குட்டிகள் இல்லை.
நான் சாவி தட்டிய சத்தத்துக்கு
தாய் காவிக்கொண்டு போயிருக்கும்.
விரலை வைத்தேன்:
இளஞ்சூடு.
ஹீற்றர் போடாத வானுக்குள்
இவ்வளவு நாளும் சூடு இருந்திருக்கிறது.

குழிக்கு அடியில் விரித்திருந்தது
பொன்னிறக் கிழிசல் ஒன்று.
டோர்ச்சைக் கிட்டப் பிடித்தேன்.
"யிரம்"
என்று மட்டும் எழுத்து மிச்சம்.
ஆயிரத்தின் யிரமாய் இருக்கட்டும் என்று
ஒரு கணம் நேர்த்தி வைத்தேன்.
ஆயிரம் ரூபா பச்சை.
இது பச்சை இல்லை.

அன்றைக்கு அவனிடம் நான் பெரிதாய் ஒன்றும் கேட்கவில்லை.
"எடுத்தனியோ?"
அவ்வளவுதான்.
பொக்கற் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினான்.
ஒரு ரொபித் தாள் விழுந்தது,
குனிந்து எடுத்துத் திரும்ப வைத்துக்கொண்டான்.
"நாளைக்கு வரவேண்டாம்"
என்று சொல்லக்கூட நான் சத்தம் போடவில்லை.
சத்தம் போடாததைப்
பிறகு பெருமையாய்ச் சொல்லித் திரிந்தேன்.

விசிறியைத் துடைத்து மோட்டரை ஏற்றினேன்.
இரண்டு பூட்டியது.
மூன்றாவது
முக்கால் மணித்தியாலம்
ஓட்டையைக் காட்டவே மாட்டேன் என்றது.

போனில் அவன் பேர் இன்னும்
"பொடியன் வான்" என்றுதான் கிடக்கிறது.
எடுத்தான்.
பின்னால் வேறு ஆரினதோ லொறியின் ஹோர்ண்.
"அண்ணை?"
எதிலிருந்து தொடங்குவது?
"ஸ்குரூ ஒண்டு பூட்டேலாமக் கிடக்கு."
கொஞ்ச நேரம் ஹோர்ண் மட்டும் கேட்டது.
"மூண்டாவதோ?"
"ஓம்."
"டோர்ச்சை அணைச்சுப்போட்டு
இடக் கையால பாருங்கோ.
கண் பாத்தா கை பிழைக்கும்."
வைத்துவிட்டான்.

அணைத்தேன். இடக் கை.
இரண்டாம் சுற்றிலேயே பிடித்தது.

ஏஸி இப்போது சத்தமில்லாமல் ஊதுகிறது.
சேட்டுப் பையில் யிரம்.
எலியைப் பற்றி
நான் இன்னும் அவனுக்குச் சொல்லவில்லை.